4.34-ல ஓடுற சின்ன ரன்னிங் பேக்: 50-வது பிக்குல எடுக்கலாமா?

நாலாவது டவுன்:

இது என்எஃப்எல் ட்ராஃப்ட் பத்தின கேள்வி, அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் டீம்கள் முறை வெச்சுக் காலேஜ் ஆட்டக்காரங்களை எடுக்கிறது. டீம் பேரைச் சொன்னா பேச்சு அந்தப் பக்கம் ஓடிடும், அதனால பேர் வேண்டாம். நிலைமை இதுதான். 50, 84, 112 மூணு பிக் (ஆள் எடுக்கிற முறை) கையில இருக்கு. 225 பவுண்டுல ஒரு முதன்மை ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுறவர்) ஏற்கெனவே இருக்கார். ஆட்டத்துக்கு 18 கேரி (பந்தோட ஓடுற ஓட்டம்) தாங்குவார், ஆனா ஒரு ஓட்டம் 15 யார்டைத் தாண்டுறது அபூர்வம். ஆஃபென்சிவ் லைன் (முன்னாடி நின்னு வழி திறக்கிற அஞ்சு பேர்) சுமார். லைன்ல நிக்கிற கார்டை இழுத்து முன்னாடி விடுற பவர், கவுன்ட்டர்ங்கிற ஓட்டங்களைத்தான் அதிகம் ஆடுறாங்க.

இப்ப கேள்வி. ஒவ்வொரு வருஷமும் ட்ராஃப்ட்ல ரெண்டு மூணு பேர் இந்த அச்சுல வருவாங்க. குறிப்பிட்ட யாரையும் சொல்லலை, கணக்குப் போட ஒரு மாதிரி ஆள்னு வெச்சுக்குங்க: 5 அடி 9 அங்குலம், 191 பவுண்டு, 40 யார்டு 4.34 வினாடி. கடைசி காலேஜ் சீசன்ல 214 கேரி, 1,390 யார்டு, 28 கேட்ச். இவரை 50-ல எடுக்கலாமா, 84 வரைக்கும் காத்திருக்கலாமா, இல்ல வேகத்தைப் பார்த்து மயங்குறதே தப்பா?

ஹேஷ்மார்க்:

4.34-ஐ அப்படியே விழுங்காதீங்க, பிரிச்சுப் பாருங்க. 4.34-க்கும் 4.50-க்கும் நடுவுல 0.16 வினாடி. முழு வேகத்துல இருக்கிற ஆள் வினாடிக்குப் 10 யார்டுக்கு மேல கடப்பார். அப்போ 40-வது யார்டுல வித்தியாசம் ஒன்றரை யார்டுக்குக் கொஞ்சம் மேல. சேஃப்டி (டிஃபென்ஸ்ல கடைசியா நிக்கிறவர்) கையை முழுசா நீட்டினாலும் ஜெர்சி நுனி கூடச் சிக்காத தூரம் அது, சின்ன விஷயம் இல்லை. ஆனா அந்தத் தூரம் கிடைக்கிறது 40-வது யார்டுல. நம்ம லீக்ல பாதிக்கு மேற்பட்ட ஓட்டம் நாலு அஞ்சு யார்டுக்குள்ள முடிஞ்சுடும். அதனால முதல்ல கேட்க வேண்டியது 10 யார்டு ஸ்ப்ளிட் (முதல் 10 யார்டுக்கு ஆன நேரம்). 1.50-ல இருந்து 1.53 வரைக்கும் இருந்தா லைன் திறக்கிற இடைவெளிக்குள்ள வெடிச்சுப் போவார். 1.58-க்கு மேலன்னா அவருக்கு ஓடுபாதை வேணும். பாதை கிடைச்சா விமானம், கிடைக்கலைன்னா 191 பவுண்டு பொட்டலம்.

இன்னொண்ணு, அந்த நேரம் எங்க எடுத்தது? இண்டியானாபொலிஸ் கம்பைன்ல (ட்ராஃப்டுக்கு முன்னாடி லீக் நடத்துற சோதனை) எடுத்ததா, அவங்க காலேஜ்லயே நடக்கிற ப்ரோ டேல கை ஸ்டாப்வாட்ச்ல எடுத்ததா? கைக் கணக்குன்னா நூத்துல நாலஞ்சு பங்கு வினாடி சேர்த்துப் பாருங்க. 4.34 சத்தமில்லாம 4.39 ஆகிடும்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒண்ணு: ஹேஷ் கோடு (இந்த ரெண்டு கோட்டுக்குள்ளதான் ஒவ்வொரு பிளேக்கும் பந்தை வைப்பாங்க). மைதானத்தோட அகலம் ரெண்டு இடத்துலயும் 160 அடிதான். ஆனா காலேஜ்ல ரெண்டு ஹேஷுக்கும் நடுவுல 40 அடி, என்எஃப்எல்ல 18 அடி 6 அங்குலம். பந்து இடது ஹேஷ்ல இருந்தா காலேஜ்ல வலது பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். என்எஃப்எல்ல அது 89 அடி சொச்சம்தான். கிட்டத்தட்ட மூன்றரை யார்டு காணாம போயிடுது. வேகமான பையனுங்க காலேஜ்ல பிழைச்சதே அந்த மூன்றரை யார்டுலதான். உள்ளே கூட்டமா இருந்தா சட்டுன்னு வெளியே திருப்பி ஓரக்கோட்டுக்கு ஓடி ஜெயிச்சுடுவாங்க. இங்க அதே ஓட்டத்தை ஓடினா, அந்தப் பக்கம் டிஃபென்ஸ்ல நிக்கிற லைன்பேக்கரும் 4.5-ல ஓடுறவர், ஓரத்தைக் காக்கிற கார்னரும் 4.4. நாலு யார்டு கிடைச்சிருக்க வேண்டிய இடத்துல மைனஸ் 2. ரெண்டாவது டவுன்ல (10 யார்டு எடுக்கக் கிடைக்கிற நாலு முயற்சியில ரெண்டாவது) 12 யார்டு பாக்கின்னு ஆயிடுச்சுன்னா உங்க பிளே ஷீட்ல பாதி அழிஞ்ச மாதிரி.

அதனால ஃபிலிம்ல நீளமான டச்டவுனைப் பார்க்காதீங்க. பிளே லைன்ல எந்த கேப்புக்கு (இடைவெளிக்கு) வரையப்பட்டிருக்கோ அந்த கேப்புல இருந்து அவர் எத்தனை தடவை காரணமில்லாம வெளியே ஓடினார்னு எண்ணுங்க. அவுட்சைட் ஸோன்ல (லைன் மொத்தமும் ஒரே பக்கம் நகர்ற ஓட்டம்) பேக்குக்கு மூணு வழிதான்: பேங், பெண்ட், பவுன்ஸ். நேரா அடி, உள்ளே வளை, வெளியே போ. பந்து கைக்கு வந்த மூணாவது எட்டுல இதுல ஒண்ணை முடிவு பண்ணி, ஒரே ஒரு கட். எப்பப் பார்த்தாலும் மூணாவது வழியையே எடுக்கிறவர்னா வேகம் எவ்வளவு இருந்தாலும் 84-ல கூடத் தொட மாட்டேன்.

உங்க டீம் பவர், கவுன்ட்டர் ஆடுறதுதான் இதுல பெரிய சிக்கல். புல் பண்ற கார்டு 310 பவுண்டு ஆள். அவர் லைனுக்குப் பின்னாடி சுத்தி வந்து லைன்பேக்கரைத் தள்ளுற வரைக்கும் பேக் பொறுமையா இருக்கணும். வேகமான பேக்குக்கு அது வராது. கார்டு திரும்புறதுக்குள்ள அவர் முதுகுலயே போய் இடிச்சு நிப்பார். கவுன்ட்டர்ல எதிர்ப்பக்கம் ஒரு எட்டு வெச்சுத் திரும்பணும்ங்கிறதால தாமதம் அதுலயே இருக்கு, அது பரவாயில்லை. பவர் வேண்டாம். டாஸ் (ஓரத்துக்கு ஓடுற பேக்குக்குப் பந்தைத் தூக்கிப் போடுறது) இருந்தா இவருக்கு நல்லது.

மயாமியை எடுத்துக்குங்க. டிவோன் அச்சேன் 2023-ல 84-வது பிக், 188 பவுண்டு, கம்பைன்ல 4.32. முதல் சீசன்ல 103 கேரியில 800 யார்டு, கேரிக்கு 7.8. டென்வரை 70-20-ன்னு அடிச்ச ஆட்டத்துல 18 கேரியில 203 யார்டு. அப்போ கோச்சா இருந்த மைக் மெக்டேனியல் அவரை நடுவுல முட்ட விடலை. ஸ்னாப்புக்கு (பிளே தொடங்குற நொடி) முன்னாடியே ரிசீவரை ஓட விட்டு, லைன்பேக்கர் ஒரு எட்டு தப்பா வெச்ச நேரத்துல பந்தை ஓரத்துக்குக் கொடுத்தார். அந்தத் திட்டம் இல்லாத டீமுக்கு அதே பையனைக் கொடுத்திருந்தா கேரிக்கு 7.8 வந்திருக்காது. அதே சீசன்ல அவர் ஆடினது 11 ஆட்டம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

எண்சுவடி:

ஹேஷ்மார்க் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எடையை அவர் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். 40 யார்டு நேரத்தைத் தனியாகப் பார்ப்பதே பிழை. ஸ்பீட் ஸ்கோர் என்று ஒரு எளிய கணக்கு உண்டு, விளையாட்டு எழுத்தாளர் பில் பார்ன்வெல் உருவாக்கியது. எடையை 200-ஆல் பெருக்கி, 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 என்றால் சராசரி.

உங்கள் மாதிரி ஆளுக்குப் போட்டுப் பார்க்கலாம். 191 × 200 = 38,200. 4.34-இன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 354.8. விடை 107.7. நன்று, ஆனால் அபூர்வம் இல்லை.

இதே கணக்கில் மற்றவர்கள்: கிறிஸ் ஜான்சன் (197 பவுண்டு, 4.24) 121.9. ஜாமிர் கிப்ஸ் (199, 4.36) 110.1. அச்சேன் 108. ஐசையா பச்சேகோ (216, 4.37) 118.5, அவரை கேன்சஸ் சிட்டி 2022-இல் ஏழாவது ரவுண்டில் 251-வது பிக்கில் எடுத்தது. ட்ரை ஆர்ச்சர் (173, 4.26) 105. ஆர்ச்சரை பிட்ஸ்பர்க் 2014-இல் மூன்றாவது ரவுண்டில் 97-வதாக எடுத்தது. அவருடைய மொத்த என்எஃப்எல் வாழ்க்கையில் ஓட்டக் கணக்கு 10 கேரி, 40 யார்டு. அச்சேனுக்கும் ஆர்ச்சருக்கும் இடையில் மூன்றே புள்ளிதான். ஆகவே இந்த எண் ஆளைத் தேர்ந்தெடுத்துத் தராது. வேகத்தோடு எடையையும் சேர்த்து நிறுத்துக் காட்டும், அவ்வளவே.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். கைரன் வில்லியம்ஸ் 4.65 ஓடியவர், ஐந்தாவது ரவுண்டு. 2023-இல் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு. பக்கி இர்விங் 192 பவுண்டு, அதாவது உங்கள் ஆளின் எடைதான். 40 யார்டு 4.55. தம்பா பே அவரை 2024-இல் நான்காவது ரவுண்டில் எடுத்தது. முதல் சீசனிலேயே 1,122 யார்டு. சிறிய உடல், சாதாரண நேரம், ஆனால் முதல் ஆளைத் தப்புவதிலும் தொட்ட பிறகு நிலை குலையாமல் இருப்பதிலும் கெட்டிக்காரர். இவை இரண்டும் ஸ்டாப்வாட்சில் விழாது.

இனி அந்த 1,390 யார்டு. கேரிக்கு 6.5 என்று மின்னுகிறது. அவருடைய மூன்று நீண்ட ஓட்டங்களைக் கழித்துப் பாருங்கள். அவை 82, 75, 68 என்று வைத்துக்கொண்டால் 225 யார்டு போய்விடும். மீதி 211 கேரியில் 1,165, கேரிக்கு 5.5. இது நல்ல எண். கழித்த பிறகு 4.5-க்குக் கீழே இறங்கினால் அவர் மூன்று சனிக்கிழமைகளின் (காலேஜ் ஆட்ட நாள்) நாயகன், அவ்வளவுதான். அதோடு வெற்றி விகிதத்தையும் (போதுமான தூரம் தந்த ஓட்டங்களின் பங்கு) எண்ணுங்கள்: முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 விழுக்காடு, இரண்டாவதில் 60, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம். இதை எட்டிய ஓட்டங்கள் எத்தனை? வேகமான பேக்குகளின் சராசரி கொழுத்தும் வெற்றி விகிதம் மெலிந்தும் இருப்பது வழக்கமான கதை.

விலைக்கு வருவோம். டாலஸ் கோச் ஜிம்மி ஜான்சன் காலத்துப் பழைய வர்த்தக அட்டவணையில் (பிக்குகளை மாற்றிக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டது) 50-வது பிக் 400 புள்ளி, 84-வது 170. இரண்டு மடங்குக்கு மேல். 50-இல் ஒரு கார்டோ கார்னரோ கிடைத்தால், உங்கள் லைன் ‘சுமார்’ என்று நீங்களே எழுதியிருக்கும்போது, அந்த 230 புள்ளியை வேகத்துக்குக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை. போதாக்குறைக்கு, ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் (ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கும் அணியின் உரிமை) முதல் ரவுண்டுக்கு மட்டும்தான். இரண்டாவது ரவுண்டு என்றால் நான்கு ஆண்டு ஒப்பந்தம், முடிந்தது.

84 வரை அவர் தங்கமாட்டார் என்று பயமா? அதே அட்டவணையில் 70-வது பிக் 240. உங்கள் 84 (170), 112 (70) இரண்டையும் கொடுத்தால் சரியாக 240. இப்போது அணிகள் புதிய அட்டவணைகளையும் பார்க்கின்றன, ஆனாலும் பேரம் தொடங்க இது போதும்.

பாக்கெட் காவல்:

ரெண்டு பேரும் பந்து கையில இருக்கிறப்போ என்ன ஆகும்னே பேசுறீங்க. மூணாவது டவுன், 7 யார்டு, பந்து கையில இல்லாதப்போ?

பந்தை எறியற குவார்ட்டர்பேக்கைக் காக்க ஆறு பேர் பாதுகாப்பு ஆடுறீங்க, லைன் இடது பக்கம் சரியுதுன்னு வெச்சுக்குங்க. வலது பக்கம் வர்ற லைன்பேக்கர் பேக்கோட பொறுப்பு. ரெண்டு பேர் வரக்கூடிய நிலைன்னா உள்ளே இருக்கிறவரை முதல்ல பார்த்துட்டு அப்புறம்தான் வெளியே பார்க்கணும், ஏன்னா குவார்ட்டர்பேக்கை அடையக் குறுக்குவழி நடுவுலதான். புதுப் பேக்குங்க இதைத் தலைகீழாப் பண்ணுவாங்க. ஓரத்துல வர்றவன் கண்ணுல பட்டதும் அவனை நோக்கிப் போயிடுவாங்க, நடுவுல ஒருத்தன் சும்மா நடந்து வந்து குவார்ட்டர்பேக் நெஞ்சுல தலையை வைப்பான்.

சரியான ஆளைப் பிடிச்சாலும் 191-க்கு எதிரே 240 பவுண்டு. நின்ன இடத்துல வாங்கிக்கிட்டா ரெண்டு யார்டு பின்னாடி தள்ளி குவார்ட்டர்பேக் காலடியில போடுவான். பேக் முன்னாடி போய், அவன் முழு வேகம் எடுக்கிறதுக்குள்ள இடிக்கணும். முழங்கால் வளைஞ்சு, கை உள்பக்கமா நெஞ்சுல, தலை நிமிர்ந்து. தலை குனிஞ்ச வினாடியே எதிராளி தோளைத் தள்ளி விட்டுட்டுப் போயிடுவான். டேக்கிள்களுக்கு (லைனோட ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க) நடுவுல கட் பிளாக் (கீழே விழுந்து காலைத் தடுக்கிறது) போடலாம், சின்ன பேக்குங்களுக்கு அதுதான் ஆயுதம். ஆனா சீக்கிரம் விழுந்தா லைன்பேக்கர் தாண்டிக் குதிச்சுடுவான். ஒரு கை தூரம் வர்ற வரைக்கும் கீழே போகவே கூடாது.

இவரைத் தடுக்க விடாம நேரா ரூட்டுக்கு (பாஸ் வாங்க ஓடுற பாதை) அனுப்பிடலாமேன்னு சொல்வாங்க. அனுப்பலாம். அப்போ லைன் அஞ்சு பேர்தான், ஆறாவது ஆள் வந்தா குவார்ட்டர்பேக் உடனே பந்தை விட்டாகணும். உங்க குவார்ட்டர்பேக் அதுக்குத் தோதான ஆளா?

கேட்க வேண்டியது இதுதான்: காலேஜ்ல எத்தனை ஸ்னாப் பாஸ் பிளாக் பண்ணார்? ஸ்ப்ரெட் ஆஃபென்ஸ்ல வளர்ந்தவங்களுக்கு அந்த எண் பயமுறுத்தும் அளவுக்குச் சின்னதா இருக்கும். 28 கேட்ச்னு எழுதியிருக்கீங்க. அதுல எத்தனை ஸ்க்ரீன் (லைனுக்குப் பின்னாடியே கொடுக்கிற குட்டிப் பாஸ்), எத்தனை உண்மையான ரூட்? லைன்பேக்கருக்கு உள்ளே வெட்டுற ஆங்கிள் ரூட், ஓரமா மேலே ஏறுற வீல் ரூட், இது ரெண்டும் ஓடத் தெரிஞ்சிருந்தா அந்த 4.34-க்கு அர்த்தம் இருக்கு. வீல் ரூட்ல லைன்பேக்கரைத் தனியா மாட்ட விட்டா அந்த ஒன்றரை யார்டு அப்பத்தான் வசூலாகும்.

நாலாவது டவுன்:

எல்லாருக்கும் நன்றி. விட்ட விவரத்தைச் சேர்க்கிறேன், இதுவும் நம்ம மாதிரி ஆளுக்குத்தான்: கம்பைன் நேரம், 10 யார்டு ஸ்ப்ளிட் 1.53. கேட்ச்ல முக்கால்வாசி ஸ்க்ரீனும் ஸ்விங்கும். பாஸ் பிளாக் மொத்தமே 40 ஸ்னாப். ரெண்டு சீசன் கிக்ஆஃப் ரிட்டர்ன் (எதிரணி உதைக்கிற பந்தைப் பிடிச்சு ஓடுறது) பண்ணியிருக்கார்.

ஒரு எதிர்க்கேள்வியும் இருக்கு. டிட்ராய்ட் கிப்ஸை 12-வது பிக்குல எடுத்தப்போ எல்லாரும் சிரிச்சாங்க. 2024-ல அவர் 1,412 யார்டு, மொத்தம் 20 டச்டவுன். விலை விலைன்னு பார்த்து ஆளை விட்டுட மாட்டோமா?

எண்சுவடி:

கிப்ஸை வைத்து வாதாடினால் அவருக்கு முன்னால் நின்ற லைனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லீக்கின் மிகச் சிறந்த லைன்களில் ஒன்று அது. பக்கத்தில் டேவிட் மாண்ட்கமரி. 2023-இல் அவர் 1,015 யார்டு, கிப்ஸ் 945. கனமான கேரிகளை ஒருவர் சுமந்தார், மற்றவருக்கு இடம் கிடைத்தது. டென்னசியும் 2008-இல் இதையே செய்தது. 24-வது பிக்கில் எடுத்த கிறிஸ் ஜான்சன் 1,228 யார்டு ஓடினார், கோல் கோட்டருகே லெண்டேல் வைட் 15 டச்டவுன் போட்டார். மறு ஆண்டு ஜான்சன் 2,006 யார்டு. அதன்பின் ஒரு சீசனிலும் 1,400-ஐத் தொடவில்லை.

இந்த இணை அமைப்பில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அந்த 225 பவுண்டு ஆள். இல்லாதது லைன். ஆகவே என் வரிசை மாறாது: 50-இல் கார்டு, பிறகு இவர்.

ஹேஷ்மார்க்:

ஸ்ப்ளிட் 1.53-னா நான் கொஞ்சம் இறங்கி வர்றேன். இவர் ஓடுபாதை கேட்கிற ஆள் இல்லை.

கிக்ஆஃப் ரிட்டர்னை யாருமே எடுக்கலையே. 2024-ல வந்த புது கிக்ஆஃப் விதி இந்த மாதிரி ஆளோட விலையை நிஜமாவே ஏத்தியிருக்கு. துரத்துற பத்துப் பேரும் ரிட்டர்ன் பண்ற டீமோட 40 யார்டு கோட்டுல நிப்பாங்க. தடுக்கிறவங்க பெரும்பாலும் 30-க்கும் 35-க்கும் நடுவுல. பந்து தரையில படவோ ஆள் கைக்கு வரவோ செய்யற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. கோல் கோட்டுல இருந்து 20 வரைக்கும் பந்து விழுந்தா ரிட்டர்ன் பண்ணியே ஆகணும். 2025-ல இருந்து நேரா எண்ட் ஸோனுக்குள்ள அடிச்சா பந்து 35-க்கு வந்துடும், அதனால உதைக்கிறவங்களும் உள்ளே போடத்தான் பார்க்கிறாங்க. பழைய மாதிரி 40 யார்டு ஓடி வந்து இடிக்கிற ஆள் இப்ப இல்லை. பந்தைப் பிடிச்சவர் ஏழெட்டு எட்டுல ஒரு இடைவெளியைத் தேர்ந்து முழு வேகத்துல அடிக்கணும். இது அப்படியே அவுட்சைட் ஸோன் ஓட்டம்தான். மூணாவது ரன்னிங் பேக்குக்கு ஆட்ட நாள் பட்டியல்ல இடம் வேணும்னா ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கிற பிளேக்கள்) ஆடணும். 191 பவுண்டு ஆளை கவரேஜ்ல (ரிட்டர்னரைத் துரத்திப் பிடிக்கிறது) ஓட விட முடியாது, ஆனா ரிட்டர்னர்னா இடம் உறுதி. அவர் பழைய ரிட்டர்ன் ஃபிலிம்ல ஒண்ணு மட்டும் பாருங்க: தரையில பட்டு எகிறுற பந்தை எப்படி எடுக்கிறார்? பிடிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு மேலே போகுதுன்னா முதல் மாசத்துலயே ஒண்ணு நழுவும்.

முதல் சீசனுக்கு நான் போடுற கணக்கு: ஆட்டத்துக்கு 6 கேரி, 3 பாஸ், 2 ரிட்டர்ன். கேரியில ரெண்டு டாஸ், ரெண்டு மூணு அவுட்சைட் ஸோன், ஒரு கவுன்ட்டர். பவர் ஒண்ணு கூட வேண்டாம். கோல் கோட்டுல இருந்து 5 யார்டுக்குள்ள பெரியவர்தான். மூணாவது டவுன்ல 5-க்கு மேலன்னா அக்டோபர் முடியற வரைக்கும் உள்ளே விடாதீங்க. பாக்கெட் காவல் சொன்னது முழுக்க நியாயம், 40 ஸ்னாப்ல யாரும் கத்துக்கிட முடியாது.

ஒரே எச்சரிக்கை: இவர் உள்ளே வந்தாலே பந்து இவருக்குத்தான்னு ஆகிடக் கூடாது. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் நாலாவது வாரத்துலயே அதை எண்ணி வெச்சிருப்பார். இவர் ஆடுற ஸ்னாப்ல பாதிக்கு மேல பந்து இவர்கிட்ட போகாம இருக்கணும். ரெண்டு பேக்கையும் சேர்த்து நிறுத்தி, இவரை ஓரத்துக்கு ஓட விட்டுட்டு, பெரியவர்கிட்ட நடுவுல கொடுங்க. லைன்பேக்கர் இவர் பின்னாடி ரெண்டு எட்டு போனாலே அந்த 225 பவுண்டு ஆளுக்கு 15 யார்டு தாண்டுற ஓட்டம் கிடைக்கும்.

பாக்கெட் காவல்:

அக்டோபர் முடியறவரைக்கும்னு தேதி போடாதீங்க ஹேஷ்மார்க். ட்ரெய்னிங் கேம்ப்ல லைன்பேக்கருக்கும் பேக்குக்கும் ஒத்தைக்கு ஒத்தை பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ஞ்சு வர்றது) பயிற்சி வைப்பாங்க. அதுல பத்துல ஆறு தடவை நின்னார்னா அன்னைக்கே மூணாவது டவுனுக்குத் தயார். நிக்கலைன்னா டிசம்பர்லயும் இல்லை.

நாலாவது டவுன்:

சரி. 50-ல கார்டு. 70-ஐ ஒட்டி ஆள் இன்னும் இருந்தா 84-ஐயும் 112-ஐயும் சேர்த்துப் போன் போடலாம், அதுக்கு மேல ஒரு புள்ளி கூடக் கொடுக்கக் கூடாது. பவுன்ஸ் எண்ணிக்கையும் மூணு நீள ஓட்டம் கழிச்ச கணக்கும் நிஜ ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் எடுத்துட்டு இதே த்ரெட்ல போடறேன். பவுன்ஸ் எண்ண அவங்க ஆட்டம் எத்தனை பார்த்தா போதும்?

ஹேஷ்மார்க்:

நாலு போதும், ஆனா நல்ல டிஃபென்ஸுக்கு எதிரா ஆடின நாலா எடுங்க. 50 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்ச ஆட்டத்துல எந்தப் பக்கம் ஓடினாலும் சரியான வழியாத்தான் தெரியும்.